ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல சைக்கிள் பாதை பிளான் பண்றது: ரொம்ப நாள் யூஸ் பண்ணவனோட புலம்பல்

மன்னார்குடி ஃப்ரெண்ட் ஒருத்தர், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஆத்தங்கரையில சைக்கிள் பாதை கேட்டு கிராம சபைல மனு குடுக்கப் போறோம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் (யார் வேணா வரைஞ்சு திருத்தக்கூடிய இலவச இணைய மேப்) வச்சு வரைஞ்சா சரியா வருமான்னு கேட்டாரு. வாட்சப்ல சொன்னா முடியாது, அதான் இங்க எழுதுறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். ஓவர்பாஸ் டர்போன்னு அந்த மேப்ல தேடி எடுக்குற வெப்சைட்ல ஸ்கூலையும் அதை சுத்தி ஒரு கிலோமீட்டர்ல ஓடுற வாய்க்காலையும் ஒரே க்வெரில எடுத்துடலாம், க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல போட்டு ஏ3ல பிரிண்ட் அடிச்சா யாருக்கும் காசு குடுக்க வேணாம், ஓரத்துல மேப் யாரோடதுன்னு போட்டா போதும். நீடாமங்கலம் மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு பிரியறத அப்படி பேப்பர்ல பாருங்க, பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுக்கிற சைக்கிள் எந்தக் கரையில போகலாம்னு ஊர்க்காரங்களே விரல வச்சு காட்டுவாங்க. அந்த சந்தோஷத்துக்காகத்தான் இன்னும் இத விடாம இருக்கேன்.

ஆனா பாலம் இருக்கே பாலம்! கரை ஒரு கோடு, சட்ரஸ் (தண்ணிய திறந்து மூடுற மதகு) மேல போற ரோடு இன்னொரு கோடு, பாக்க ஒட்டின மாதிரிதான் இருக்கும், ஃபுல்லா ஜூம் பண்ணா முடி அளவு இடைவெளி. அது போதும், இந்த மேப்ப வச்சு சைக்கிளுக்கு வழி போட்டுத் தர்ற பிரவுட்டருக்கு அங்க வழியே கிடையாது, எதிர்க்கரையில மணி அடிச்சா கேக்குற ஸ்கூலுக்கு அடுத்த ஊர் பாலம் வரை போயி சுத்தி வான்னு சொல்லும். மேப்ப திருத்துற ஐடி எடிட்டர்ல கோட்டு நுனிய இழுத்து ஒட்டிட்டாலும் ரூட்டிங் சர்வர் புது டேட்டா எடுக்குற வரைக்கும் அதே சுத்துதான். மூங்கில் கொத்துக்கு அடியில இருக்க நடைபாலம் சாட்டிலைட்ல தெரியவே தெரியாது, நேர்ல போய்தான் போடணும், சரி போறோம், அத கூட குறையா சொல்ல மாட்டேன்.

இன்னொரு கூத்து, பிரவுட்டர் காட்டுற ஏத்த இறக்க கிராஃப். மேசை மாதிரி இருக்க நம்ம ஊர்ல மேடு மேடா காட்டும். 2000 பிப்ரவரில ஸ்பேஸ் ஷட்டில்லேருந்து எடுத்த ரேடார் அளவு அது, தென்னந்தோப்பு உச்சியையும் தரைன்னு நெனச்சிருக்கும்!

அப்புறம் தரை. மேப்ல மண் ரோடுன்னு டேக் (குறிப்பு) போட்டா ஜூன்லயும் மண் ரோடு, ஐப்பசிலயும் மண் ரோடு. ஐப்பசில அந்தக் களி மட்கார்டுக்குள்ள அடைச்சு வீல் சுத்தாம புள்ளைங்க சைக்கிள தூக்கிக்கிட்டு நடக்குறது எந்த ரூட்டுக்கும் தெரியல.

இன்னிக்கு கேட்டா அஞ்சுக்கு ரெண்டு மார்க், புதுசா வர்றவங்களுக்கு ரெகமண்ட் பண்ண மாட்டேன். மன்னார்குடிக்காரரே, உங்களுக்கு மட்டும் பாமணியாத்துக் கரை ஃபைல அனுப்பறேன், அதுல கோட்ட எடுத்துக்கோங்க, அது சொல்ற கிலோமீட்டர மனுல போட்டுடாதீங்க.