டர்போவுக்குத் ‘தனி ஆயில்’ வைத்துத் தருகிறோம் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) அடிக்கடி போகிற வண்டியாகப் பார்த்து ஒரு வேலை நடக்கிறது. “அண்ணே, இன்ஜின் ஆயில் அழுக்கு, அதான் டர்போ சாகுது. தனி டேங்க், தனி பம்பு வச்சுட்டா அப்புறம் கவலையே இல்ல” என்று பேச்சு. பில்லில் ‘ஸ்பெஷல் ஆயில் செட்டிங்’ என்று ஒரே வரி, 38,000 ரூபாய். ஏற்கெனவே இரண்டு டர்போ போய், அப்படிச் செய்த 1.3 லிட்டர் டீசல் கார் ஒன்று முதல் நீண்ட ஓட்டத்திலேயே, திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள், விசிலடித்துப் புகை தள்ளி நின்றுவிட்டது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம், வேலையின் அடையாளம் தெரிந்தால் போதும்.

பானட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன். ரேடியேட்டர் தண்ணீர் வழிந்து சேரும் கேன்தான், ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. மூடியை இறுக்கி மூடியிருந்தார்கள், காற்று போக வழியில்லை. அதன் கீழே பெட்ரோல் காருக்கான ஃப்யூவல் பம்பு. ஃபில்டர் இல்லை, கூலர் இல்லை, பிரஷர் சுவிட்ச் இல்லை, அதிகக் கரண்டைத் தாங்கும் ரிலேவும் இல்லை. சாவி லைனிலிருந்தே நேராக ஒயர் இழுத்து 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தார்கள். அந்த ஃபியூஸ் எரிந்து கிடந்தது.

பெட்ரோல் பம்பு தண்ணீர் மாதிரி மெல்லிய திரவத்துக்குச் செய்தது. கெட்டியான ஆயிலைத் தள்ளச் சொன்னால் திணறும், கரண்டை அதிகம் இழுக்கும், ஃபியூஸ் போகும். போனது டிரைவருக்குத் தெரியவே தெரியாது. இந்த ‘செட்டிங்’கில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான். கம்பெனி அமைப்பில் ஆயில் பம்பைச் சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். இன்ஜின் ஓடினால் டர்போவுக்கும் ஆயில் உண்டு, பிரஷர் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். டர்போவைத் தனியாகப் பிரித்துவிட்டால் அந்த விளக்கு இன்ஜினுக்கு மட்டும்தான் காவல். டர்போ வறண்டு சாகும்போதும் விளக்கு அணைந்தே இருக்கும்.

சின்ன டீசல் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். பேரிங்கை அது தொடுவதில்லை, ஆயில் படலத்தில் மிதக்கிறது. படலம் அறுந்தால் சில விநாடிதான். இந்த வண்டியின் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தது. ஆயில் பட்டினிக்கு அதுதான் அடையாளம். அழுக்கு ஆயிலால் போயிருந்தால் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கோடு கோடாகக் கீறல் இருக்கும். பழைய டர்போவைக் கையில் வாங்கிப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதனால்தான் சில இடங்களில் பழைய சாமானைத் தரமாட்டார்கள்.

ரிட்டர்ன் பைப்பும் தப்பு. டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டும், பின்னால் தள்ளிவிட அழுத்தம் கிடையாது. இங்கே கேன், டர்போவிலிருந்து ஆயில் வெளியேறும் வாயைவிட உயரத்தில் இருந்தது. ஆயில் மேட்டில் ஏறுமா? போதாக்குறைக்கு, டர்போ சீல் என்பது ரப்பர் சீல் இல்லை, மெல்லிய இரும்பு வளையம். அதன் வழியே கொஞ்சம் கேஸ் எப்போதும் ரிட்டர்னுக்குள் கசியும். மூடிய கேனுக்குள் அந்த அழுத்தம் ஏறி ஆயிலை எதிர்த்துத் தள்ளும். ஆயில் வேறு வழியின்றி இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பக்கமும் சைலன்சர் பக்கமும் போகும். புகை வந்த கதை இதுதான். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை இன்ஜின் இழுத்துக்கொண்டால் சாவியை அணைத்தாலும் டீசல் இன்ஜின் நிற்காது, அதன் வேகம் தானாகவே ஏறிக்கொண்டு போகும். கையால் கியர் மாற்றும் வண்டியாக இருந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

சரி, முதல் இரண்டு டர்போக்கள் ஏன் போயின? இன்ஜினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் ஃபீட் பைப்பை இரண்டு முறையும் மாற்றவில்லை. அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே கரி. ஒரு தையல் ஊசி நுழையத்தான் இடம். புது டர்போ போட்டாலும் அதே பட்டினிதான். பைப்பின் விலை டர்போ விலையில் ஒரு சின்னத் துண்டு.

இந்தக் கரிக்கு நம் ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். சென்னையிலிருந்து திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஒரே மூச்சில் வந்து, வாசலில் நிறுத்திய விநாடியே சாவியைத் திருகுவது. சூடேறிய டர்போவிலும் பைப்பிலும் நின்றுபோன ஆயில் அங்கேயே காய்ந்து கரியாகிறது. ஹைவேயில் ஓட்டி வந்தால் ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட்டு அணையுங்கள். இன்னொன்று, வருஷம் முழுக்க வீட்டில் நிற்கும் வண்டியை வாட்ச்மேன் வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது. நல்லது என்றுதான் செய்கிறார்கள். ஆனால் இன்ஜின் சூடேறுவதற்குள் நின்றுவிடுவதால் ஈரமும் டீசலும் ஆயிலில் சேரும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ‘கிலோமீட்டர் ஓடவில்லையே’ என்று பார்க்காமல் வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

தனி ஆயில் என்பதே ஏமாற்று என்று சொல்லவில்லை. ரேஸ் வண்டிக்கும், டர்போவை சம்ப்பைவிட (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) தாழ்வாகவோ பின்பக்கமோ மாட்டும் வண்டிக்கும் அதற்கு நியாயம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும் இரும்பு அல்லது அலுமினிய டேங்க், அதற்குக் காற்று போக பிரீதர், சூடான ஆயிலில் நிற்காமல் ஓடக்கூடிய கியர் பம்பு, 10 மைக்ரான் ஃபில்டர், ஆயில் கூலர் எல்லாம் இருக்கும். ரிட்டர்ன் ஹோஸ் உள் அளவு 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மடிப்பு விழாமல், டேங்கில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டர்போ தாழ்வாக இருந்தால் திரும்ப இழுக்க இன்னொரு பம்பு வேண்டும். ரிலேயும் சரியான ஃபியூஸும் கட்டாயம். டர்போவில் ஆயில் நுழையும் வாயிலேயே பிரஷர் சுவிட்ச் வைத்து, அழுத்தம் விழுந்தால் பஸ்ஸர் அடிக்க வேண்டும். பம்பு இன்ஜினுக்கு முன்பே ஓடத் தொடங்கி, அணைத்த பிறகும் ஓரிரு நிமிடம் ஓட வேண்டும். இத்தனையும் 38,000 ரூபாய்க்கு அடங்காது. தினசரி ஓட்டும் காருக்குத் தேவையும் இல்லை.

டர்போ மாற்றச் சொன்னால் புது ஃபீட் பைப்பும் கேஸ்கெட்டும் பில்லில் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். ஃபீட் பைப்பைப் பிடிக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்குள் சல்லடை உள்ள மாடலானால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். ஆயில் வழியில் சிலிக்கோன் பேஸ்ட் போடவிடாதீர்கள், பிதுங்கி உள்ளே விழும் துணுக்கே துவாரத்தை அடைத்துவிடும். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவ வேண்டும், இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போட வேண்டும். மாட்டும் முன் டர்போவின் ஆயில் நுழையும் வாயில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுழற்ற வேண்டும். டீசல் போகாமல் நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, ஃபீட் பைப் நுனியிலிருந்து ஆயில் பாட்டிலில் விடாமல் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பைப்பை டர்போவில் முடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க விடமாட்டேன் என்றால் வண்டியை வேறு பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போங்கள்.