பழம்பொருள் கடையில் பெட்டி வாங்குகிறீர்களா? ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று நானும் அக்காவும் ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தோம். அழகான ஊர், அதில் குறையில்லை. ஒரே தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். அப்பா எழுதிய கடிதங்களைப் போட்டு வைக்க அக்கா ரொம்ப நாளாக ஒரு மரப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள். கடைசியாக நுழைந்த கடையில் அது கிடைத்தது. மூலைகளில் பித்தளைப் பட்டை, உள்ளே சிவப்புத் துணி.

"150 வருஷத்துப் பெட்டிம்மா. பூச்சி அரிச்ச ஓட்டையைப் பாருங்க, அதைவிட வேற சாட்சி வேணுமா?" என்றார் கடைக்காரர். கவிழ்த்துப் பார்க்கலாம் என்று நான் கை நீட்டுவதற்குள் பேப்பரில் சுற்றி டேப் ஒட்டிவிட்டார். "வண்டிக்கு நேரமாச்சுன்னு சொன்னீங்களே!" நாங்களேதான் சொன்னோம். சொல்லியிருக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கீல்களைப் பிடித்திருந்தவை ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி மாதிரிப் பள்ளம் இருக்குமே அது. இந்த ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை வாங்கியதே 1936-இல்தான். பழைய பெட்டிக்கு யாராவது பின்னால் கீல் மாற்றியிருக்கலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒன்றைக் கழற்றினேன். கீல் மாற்றியிருந்தால் பழைய ஆணித் துளையோ, அதை அடைத்த தடமோ இருக்க வேண்டும். எதுவும் இல்லை. துளைக்குள் மரம் வெளிறிப் புதுசாக இருந்தது. சாயமெல்லாம் மேலே மட்டும்.

அடுத்து அந்த 'சாட்சி'. குண்டூசியை விட்டால் எல்லா ஓட்டையிலும் நேராக, ஒரே ஆழத்துக்கு இறங்குகிறது. மரத்தை அரிக்கும் புழு உள்ளே வளைந்து வளைந்துதான் போகும். வெளியே தெரிவது அந்தப் புழு வண்டாகி வெளிவந்த வாசல் மட்டுமே. இது டிரில் வேலை. பித்தளைப் பட்டையில் காந்தத்தை வைத்தேன், கப்பென்று ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள்.

போன் செய்தோம். "பழைய மாடல்னுதான் சொன்னேன், பழசுன்னு சொல்லலையே" என்றார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் 'மரப்பெட்டி – 1' என்று மட்டும் இருக்கிறது. வயதும் இல்லை, என்ன மரம் என்பதும் இல்லை, பட்டை பித்தளை என்பதும் இல்லை. எங்கள் கையைக் கட்டிப்போட்டது அந்த ஒற்றை வரிதான்.

அதனால் சொல்கிறேன்: கடைக்காரர் வாயால் சொல்லும் வயதையும் உலோகத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கடையில் மூச்சு விடாதீர்கள். வாங்க நினைப்பதைப் போன உடனே பாருங்கள், கிளம்பும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பையில் ஒரு சின்னக் காந்தமும் குண்டூசியும் இருக்கட்டும்.

ஸ்க்ரூ, ஓட்டை, காந்தம் ஒட்டியது என எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு எழுத்து மூலம் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.