கழகத்தின் நிறத்தை மாற்றாமல் ஜேர்சி தைத்துத் தந்த கடை

யாழ்ப்பாண நகரில் விளையாட்டுக் கழகங்களுக்கு ஜேர்சி அச்சிட்டுத் தைத்துக் கொடுக்கும் கடைகள் இன்று பல உள்ளன. அவற்றுள் இந்தக் கடையை நான் மற்றக் கழகத்தவர்களுக்கும் பரிந்துரைப்பதற்கு விலையோ விரைவோ முதற் காரணமல்ல. பணம் கொடுப்பவர் ஒருவராகவும் அந்த ஜேர்சியை அணியும் ஊர் வேறாகவும் இருக்கும்போது யாருடைய விருப்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதை இங்கு வேலை செய்பவர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் கழகம் எங்கள் தந்தையர் காலத்திலிருந்தே மெரூனும் மஞ்சளும் அணிந்து விளையாடி வருகிறது. கழக உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவருடைய பூதவுடலின் மீது நாங்கள் போர்த்துவதும் அந்த நிறக் கொடியைத்தான். இம்முறை வெளிநாட்டில் வாழும் எங்கள் ஊரவர் ஒருவர் ஜேர்சி, சப்பாத்து, பயிற்சிச் செலவு அனைத்தையும் ஏற்க முன்வந்தார். ஜேர்சி தமது நிறுவனத்தின் பச்சை நிறத்தில் அமைய வேண்டும் என்பதும், கழக இலச்சினை இருந்த இடத்தில் நிறுவனத்தின் சின்னம் வர வேண்டும் என்பதும் அவருடைய விருப்பமாக இருந்தன. அவருடைய நன்மனத்தில் எவருக்கும் ஐயமில்லை. அவர் உதவாவிட்டால் இளையவர்கள் கிழிந்த சப்பாத்துடன்தான் மைதானத்தில் இறங்கியிருப்பார்கள். ஆயினும் கூட்டத்தில் மூத்த வீரர்கள் வாய் திறவாமல் இருந்ததைப் பார்த்தபோது, பணத்தை மறுக்கவும் முடியாமல் நிறத்தைக் கைவிடவும் முடியாமல் அவர்கள் படும் வேதனை எனக்குப் புரிந்தது.

இந்த வேதனை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. வேல்ஸின் தலைநகர் உதைபந்தாட்டக் கழகமான கார்டிஃப் சிட்டி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை 1927இல் வென்று இங்கிலாந்துக்கு வெளியே கொண்டு சென்ற ஒரே கழகம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீலம் அணிந்த அதனை ‘நீலப்பறவைகள்’ என்றே இரசிகர்கள் அழைக்கிறார்கள். மலேசியச் செல்வந்தரான வின்சென்ட் டானின் உரிமையில் இருந்த அக்கழகத்தின் சொந்த மைதான ஜேர்சி 2012இல் சிவப்பாக மாற்றப்பட்டது. இலச்சினையில் சிவப்பு டிராகன் பெரிதாக இடம்பெற, நீலப்பறவை அதன் கீழே சிறிதாக ஒதுக்கப்பட்டது. கழகத்தின் கடன் பெரிது, அதில் முதலீடு செய்ய முன்வந்தவர் அவர் என்ற காரணத்தால் இரசிகர்களில் ஒரு பகுதியினர் மனமில்லாமலே இதற்கு உடன்பட்டார்கள். மற்றவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஒரே அரங்கில் ஒரே அணிக்காகக் குரல் கொடுத்த மக்கள் இவ்வாறு இரண்டுபட்டது நிறமாற்றத்தைவிடப் பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். சிவப்பு ஜேர்சி அணிந்த முதற் பருவத்திலேயே அணி இங்கிலாந்தின் முதற்தரப் பிரிவான பிரீமியர் லீக்குக்குத் தகுதி பெற்றது. இரசிகர்கள் நீண்ட காலம் ஏங்கியிருந்த அந்த வெற்றி கிடைத்த பின்னரும் நீலத்துக்கான கோரிக்கை ஓயவில்லை. இறுதியில் 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது.

இங்கிலாந்துக் கழகமான ஹல் சிட்டியின் கதையிலும் இதே சிக்கல் இருக்கிறது. நிதி நெருக்கடியில் இருந்த அக்கழகத்தை வாங்கி மீட்டவர் அசெம் அல்லாம் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் 1904 முதல் வழங்கிவரும் பெயரை ‘ஹல் டைகர்ஸ்’ என மாற்ற அவர் முயன்றபோது இரசிகர்கள் திரண்டு எதிர்த்தார்கள். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமும் 2014 ஏப்ரலில் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் 2005இல் ரெட் புல் நிறுவனம் கழகத்தை வாங்கி ஊதா வெள்ளையைச் சிவப்பு வெள்ளையாக மாற்றியபோது, பழைய நிறத்தை விட மறுத்த இரசிகர்கள் தாங்களே புதிய கழகம் ஒன்றை அமைத்து அடிமட்டப் பிரிவிலிருந்து விளையாடத் தொடங்கினார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் அணியும் 2020இல் ‘ஜஃப்னா ஸ்ராலியன்ஸ்’ என்று கிண்ணம் வென்று, உரிமை கைமாறியதும் 2021இல் ‘ஜஃப்னா கிங்ஸ்’ ஆனது. ஒரு பருவமே வழங்கிய பெயர் என்பதால் அந்த மாற்றம் என்னைப் பெரிதாக வருத்தவில்லை. மூன்று தலைமுறைகள் அணிந்த நிறம் அப்படிப்பட்டதன்று.

இனிக் கடைக்கு வருகிறேன். பச்சை வடிவமைப்பைக் காட்டியபோது, கணினியின் முன் இருந்த தம்பி அதை உடனே அச்சுக்கு அனுப்பவில்லை. “அண்ணை, உங்கட பழைய ஜேர்சி ஒண்டு இருந்தாக் கொண்டுவாங்கோ, பாத்திட்டுச் செய்வம்” என்றார். கொண்டுசென்ற ஜேர்சியை வெயிலில் பிடித்து நிறத்தைப் பார்த்தார். மங்கிப்போயிருந்த இலச்சினையைக் கோடு கோடாகப் புதிதாக வரைந்தார். பின்னர் மெரூன் ஜேர்சியின் நெஞ்சுப்பகுதியில் அனுசரணையாளரின் நிறுவனப் பெயரை வெள்ளை எழுத்தில் பெரிதாகவும், இடப்புறத்தில் கழக இலச்சினையை இருந்தபடியேயும் அமைத்து, மாதிரி ஒன்றை மேலதிகப் பணம் வாங்காமல் அச்சிட்டுத் தந்தார். அதன் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். தம் பெயர் மெரூனில்தான் எடுப்பாகத் தெரிகிறது என்று அவரே எழுதினார். எங்கள் நிர்வாகக் குழு பேசித் தீர்க்காததை அந்த ஒரு மாதிரி தீர்த்துவைத்தது.

வேலைத் தரமும் நன்று. வடிவத்தைத் தாளில் அச்சிட்டு, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெள்ளைப் பொலியெஸ்டர் துணியின் மீது அழுத்தி, மை இழையோடு சேர்ந்த பின்னரே வெட்டித் தைக்கிறார்கள். ஒட்டும் எழுத்துகளைப் போல இவை துவைக்கத் துவைக்க உரிவதில்லை. கணினித் திரையில் தெரியும் மெரூன் வெப்பம் பட்டதும் வேறாகிவிடும் என்பதால், சிறு துணித்துண்டுகளில் சில மெரூன்களை அச்சிட்டுக் காட்டி எங்களையே தெரிவுசெய்யச் சொன்னார்கள். சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு சிவப்பைத் தலையில் கட்டிவிடும் கடைகளைப் பார்த்த எனக்கு இந்தப் பொறுமை பெரிதாகத் தெரிந்தது.

குறைகளும் உண்டு. கழுத்துப் பட்டியின் தையல் சில ஜேர்சிகளில் நேராக இல்லை. திருப்பிக் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் பிரித்துத் தைத்தார்கள். அளவுகள் சற்றுச் சிறியவையாகையால் வழக்கமாக எடுப்பதைவிட ஓர் அளவு பெரிதாகக் கேட்பது நல்லது. துணி யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்குக் கொஞ்சம் தடிப்பு. சொன்ன நாளில் பொருள் கைக்கு வரவில்லை; சுற்றுப்போட்டிக் காலத்தில் எல்லாக் கழகங்களும் ஒன்றாக வந்து குவிவதால் இந்தத் தாமதம் நேர்கிறது என்றாலும் முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்திருக்கலாம்.

விலை மலிவன்று, ஒட்டு எழுத்து ஜேர்சியைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இங்கே செல்பவர்கள் கழகத்தின் பழைய ஜேர்சி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள், அனுசரணையாளரிடம் காட்டுவதற்கு மாதிரி கேட்டு வாங்குங்கள். பந்துக்காப்பாளரின் ஜேர்சியையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள், பிந்திச் சொன்னால் அது தனியாகத்தான் வரும்.