வாக்குவம் கிளீனரில் இழுவை குறைந்தால்: சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது?

வாக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் வாட்ஸ் சொல்லும். எவ்வளவு தூசியை இழுக்கும் என்பதைச் சொல்லாது. புதிதில் எல்லா மெஷினும் நன்றாகவே இழுக்கும். சில மாதங்கள் கழித்து இழுவை குறையும்போது, அதை மீட்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பை வைத்த மெஷின், பை இல்லாத சுழல்காற்று மெஷின், தண்ணீரையும் இழுக்கும் டிரம் மெஷின், ஒயர் இல்லாத கை மெஷின் என நான்கு வகைகளையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே அலசுகிறேன்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில், விசைத்தறிகள் ஓடும் தெருவில் இருக்கிறது. ஏற்காட்டில் சித்தப்பா ஒரு சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். இரண்டு இடத்து மெஷின்களையும் கழற்றித் துடைத்து மாட்டும் வேலை என்னுடையது. ஒரே மாவட்டம்தான், ஆனால் கீழே நல்ல மெஷின் என்று சொல்வது மேலே நல்ல மெஷின் இல்லை.

முதலில் உள்ளங்கை, பிறகு ஃபில்டர்

எந்த வகையாக இருந்தாலும், இழுவை குறைந்ததும் ஃபில்டர் மீது பழி போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். குழாயைக் கழற்றிவிட்டு மெஷினின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையை அழுத்தமாகப் பிடித்து இழுத்தால் மோட்டாரும் ஃபில்டரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு வெளியே இருக்கிறது. அடுத்து குழாயை மாட்டி அதன் முனையில் கை வையுங்கள். பிறகு நீளக் கம்பியின் முனையில், கடைசியாகத் தரை பிரஷ்ஷின் அடியில். எந்தத் துண்டை மாட்டியதும் இழுவை விழுகிறதோ, அந்தத் துண்டில்தான் அடைப்போ ஓட்டையோ இருக்கிறது. கைப்பிடியில் காற்றைத் திறந்துவிடும் சிறிய தள்ளு மூடி ஒன்று இருக்கும். திரைச்சீலை சுத்தம் செய்யும்போது அதைத் திறந்துவிட்டு, மூட மறந்துவிடுவது வீட்டுக்கு வீடு நடப்பதுதான்.

சத்தத்தையும் கவனியுங்கள். அடைப்பு இருந்தால் மோட்டார் வழக்கத்தைவிடக் கீச்சென்று கத்தும். காற்று உள்ளே வராதபோது விசிறிக்குச் சுமை குறைகிறது, அதனால் அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. குழாயில் விரிசல் இருந்தால் சத்தம் அதிகம் மாறாது. விரிசலில் காதை வைத்தால் சீறல் கேட்கும். சத்தமே மந்தமாக, வேகம் குறைந்து கேட்டால் அது வோல்டேஜ் குறைவாகவோ, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததாகவோ இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தாலே பழுதுபார்க்கும் கடைக்கு அலைவது பெருமளவு குறையும்.

பை வைத்த மெஷின்

1980களில் யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து விற்ற காலத்திலிருந்து நம் வீடுகளுக்குப் பழக்கமான வகை இது. காற்று பையின் சுவர் வழியாக ஊடுருவி வெளியே போகும், தூசி உள்ளே தங்கிவிடும். தூசி ஏற ஏறப் பையின் நுண்துளைகள் அடைபடும், இழுவை குறையும்.

பை நிறைந்தால்தான் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாப்பேட்டையில் அது ஓரளவு சரி. எங்கள் பையைப் பிரித்துப் பார்த்தால் தறிப் பஞ்சு உட்சுவர் முழுக்கக் கம்பளி விரித்தது போலப் படிந்திருக்கும். அந்தப் படிவத்தின் ஊடே காற்று போய்விடும் என்பதால் முக்கால் பை நிறையும்வரை இழுவை தாங்கும். சேலத்திலேயே கருப்பூர், மாமாங்கம் பக்கம் கதை வேறு. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் பூமி அது. அங்கே ஜன்னல் விளிம்பில் படியும் வெண்பொடியை விரலில் தேய்த்தால் முகப்பவுடரைவிட நைசாக இருக்கும். அந்தப் பொடி நுண்துளைகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பை கால்வாசி கூட நிறைந்திருக்காது, இழுவை போய்விடும். தட்டி உதறினாலும் வராது. காகிதப் பை என்றால் புதிது மாட்டுவது ஒன்றே வழி. செயற்கை இழைப் பை காகிதப் பையைவிடக் கூடுதல் நாள் தாங்கும், கூடுதல் விலையும் சொல்வார்கள். துணிப் பையை வெளியே உதறிக்கொள்ளலாம், ஆனால் உதறுகிறவர் அந்தத் தூசியைச் சுவாசிக்க நேரிடும். ஆஸ்துமா உள்ள வீட்டில் அது கூடவே கூடாது.

புதுப் பை மாட்டியும் இழுவை வரவில்லையென்றால், பைக்குப் பின்னால் மோட்டாரை ஒட்டி இருக்கும் சிறிய தகடு ஃபில்டரைப் பாருங்கள். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. காற்று வெளியேறும் பக்கத்திலும் ஒன்று இருக்கலாம்.

மீட்பு வேலையில் இந்த வகைதான் சுலபம்: பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குறை, பைக்குச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும். நம் மாடலுக்கான பை உள்ளூர்க் கடையில் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. மெஷின் வாங்கும்போதே ஓராண்டுக்குத் தேவையான பைகளைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பை இல்லாத சுழல்காற்று மெஷின்

மர ஆலைகளில் தூளைக் காற்றிலிருந்து பிரிக்கும் கூம்பைப் பார்த்து பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் வீட்டு மெஷினுக்கு இதைக் கொண்டுவந்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்பது அவரே சொல்லும் கணக்கு. நம் அரிசி ஆலைகளின் மேலும் அதே கூம்பு நிற்கிறது. காற்றைச் சுழற்றினால் கனமான துகள் ஓரத்துக்கு ஒதுங்கிக் கீழே விழும், லேசான காற்று நடுவில் மேலேறிப் போகும்.

"இழுவை குறையவே குறையாது" என்ற விளம்பரத்தை நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கூம்பு அடைபடாமல் இருக்கலாம், அதற்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் அடைபடும். பல சிறு கூம்புகள் கொண்ட விலை உயர்ந்த மெஷின் நுண்துகளையும் ஓரளவு பிரித்துவிடும். ஒற்றைச் சுழல் கொண்ட மலிவு மெஷினில் வெள்ளைக்கல் பொடி நேராக, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டரின் மடிப்புகளுக்குள் போய்விடும். எச்13 தர ஹெப்பா, பிடிப்பதற்கு மிகக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும். அவ்வளவு நெருக்கமான வலை சீக்கிரம் அடைபடுவதில் வியப்பில்லை.

தறிப் பஞ்சு இங்கே வேறு தொல்லை தருகிறது. டப்பாவுக்கு நடுவே இருக்கும் சல்லடை உருளையைச் சுற்றி அது பட்டையாகப் படிந்துவிடும். டப்பாவைக் கவிழ்த்தால் விழாது, விரலால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். உரித்தபின் பழைய பல்துலக்கியால் துளைகளைத் தேய்த்துவிட்டால் இழுவை உடனே திரும்பும். டப்பாவில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி நிரம்பவிட்டால் சுழற்சி கெட்டு, எல்லாத் தூசியும் ஃபில்டரில் போய் ஏறும். ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுவதே சரி.

ஃபில்டரைக் கழுவலாம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம். பிறகு நிழலில் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். அடுப்படியில் வைத்தோ, முடி உலர்த்தும் கருவியைக் காட்டியோ அவசரப்படுத்தினால் மடிப்புகள் சுருங்கிவிடும். அரைகுறை ஈரத்தோடு மாட்டினால் நுண்பொடி சேறாகி ஒட்டிக்கொள்ளும், நாற்றம் எடுக்கும், ஈரம் மோட்டாருக்கும் போகும். இந்த 24 மணி நேர விதிதான் இந்த வகையை ஏற்காட்டில் கவிழ்க்கிறது.

டிரம் மெஷின்

என் கணக்கில் சேலம் நகரத்து வீடுகளுக்கு இதுதான் முதலிடம். தூசியையும் இழுக்கும், கழுவிவிட்ட தரையின் தண்ணீரையும் இழுக்கும், தண்ணீர்த் தொட்டியின் அடியில் தேங்கும் கசடையும் எடுத்துவிடும். பெரும்பாலான மாடல்களில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தனி வழியில் வருகிறது. மற்ற வகைகளில் இழுக்கும் காற்றே மோட்டாரையும் குளிர்விப்பதால், அடைப்பு ஏற்பட்டால் மோட்டார் சூடாகித் தானாக நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். டிரம் மெஷின் அடைப்பை அதைவிட நன்றாகத் தாங்குகிறது.

இதில் இழுவை போனதாக வரும் புகார்களில் பல மிதவையால் வருபவை. டிரம்மில் தண்ணீர் நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை மேலேறி மோட்டாரின் வழியை அடைத்துவிடும். இழுவை ஒரே நொடியில் பூஜ்யமாகும், சத்தம் கீச்சென்று ஏறும். அது பழுது இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கொட்டி, மிதவை தானாகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். சோப்பு நுரையும் அதைத் தூக்கிவிடும். ஈர வேலைக்கு முன் காகித ஃபில்டரையும் பையையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சு உறையை மாட்ட வேண்டும். ஈர வேலை முடிந்ததும் டிரம்மைத் துடைத்து, மூடியைத் திறந்துவைத்துக் காயவிட்ட பிறகே காகித ஃபில்டர் திரும்பப் போக வேண்டும்.

பல டிரம் மெஷின்களில் காற்றை வெளியே ஊதும் வாயும் உண்டு. குழாய் அடைத்துக்கொண்டால் குழாயை அங்கே மாற்றி மாட்டி, மறுமுனையை ஒரு கோணிப்பைக்குள் வைத்து ஊதவிடுங்கள். காலுறையோ, சாக்லேட் காகிதமோ, தறி நூல் பந்தோ தானாக வெளியே வந்து விழும். கம்பியை விட்டுக் குத்தினால் குழாயில் ஓட்டை விழும்.

கை மெஷின் பற்றிச் சுருக்கமாக

ஒயர் இல்லாததை நான் கூடுதல் மெஷினாகத்தான் பரிந்துரைப்பேன். டப்பா சிறிது, ஃபில்டர் சிறிது, அதனால் இரண்டுமே சீக்கிரம் அடைபடும். நல்லது என்னவென்றால் அடைப்பு எங்கே என்று கண்ணுக்கே தெரியும். நம் வீடுகளில் பெரும்பாலும் சுழலும் பிரஷ் உருளைதான் மாட்டிக்கொள்கிறது. நீள முடியோடு பூச்சரத்து நூலும் சேர்ந்து உருளையின் இரு முனைகளிலும் இறுகச் சுற்றிக்கொள்ளும். உருளையைக் கழற்றி, அதிலுள்ள பள்ளத்தின் வழியே கத்தரிக்கோலை ஓட்டி வெட்டினால் பட்டையாகக் கழன்றுவிடும். முனையில் இருக்கும் மூடிகளைத் திறந்து உள்ளே புகுந்த நூலையும் எடுத்துவிடுங்கள்.

மலைமேல் கணக்கு மாறுகிறது

இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் முதலில் மாறுவது காற்று. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி உண்டாக்கும் இழுவையும் காற்றின் அடர்த்தியைச் சார்ந்ததால், கீழே நன்றாக இழுத்த மெஷின் மேலே கொஞ்சம் சோர்ந்துதான் தெரியும். இது பழுதே இல்லை, இதற்காக மெஷினைப் பிரிக்க வேண்டாம். இதோடு மாலையில் பல்பு மங்கும் அளவுக்கு வோல்டேஜ் இறங்கும் வீடாக இருந்தால் மோட்டாரின் வேகமும் குறையும். காலையில் ஓட்டிப் பார்த்து, அப்போது நன்றாக இழுக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய பிரச்சினை ஈரம். சேலத்து வெயிலில் கழுவிய ஃபில்டர் மறுநாள் முறுமுறுவென்று காய்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மூடுபனியில் சித்தப்பாவின் விடுதியில் துண்டே காயாமல் கிடக்கும்போது ஃபில்டர் எங்கே காய்வது? நாள் கணக்கில் தொங்கவிட்டாலும் நடு மடிப்பில் ஈரம் நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மெஷினை ஓட்டும்போதெல்லாம் அந்த நாற்றம் அறைக்குள் வரும், தங்க வருகிறவர் முகம் சுளிப்பார். டிரம் மெஷினும் ஈர வேலைக்குப் பிறகு காயாமல் இதே பாடு படுத்தும். ஆகவே ஏற்காட்டில் என் தேர்வு பை வைத்த மெஷின். கம்பள விரிப்பு உள்ள அறைகளுக்கும் அதுவே பொருத்தம். ஏற்கெனவே சுழல்காற்று மெஷின் வாங்கியிருந்தால் ஃபில்டரை மூன்று செட்டாக வைத்துக்கொண்டு, கழுவ வேண்டியதைச் சேலத்துக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கடைக்கு எப்போது போவது?

பை, ஃபில்டர், குழாய், பிரஷ் நான்கும் சுத்தம். மெஷினின் வாயிலேயே இழுவை இல்லை. காற்றுத் துளை வழியே தீப்பொறி தெரிகிறது அல்லது கருகல் வாடை வருகிறது. அப்போதுதான் கடை. பெரும்பாலும் கார்பன் பிரஷ் மாற்றினால் போதும், சிறிய செலவுதான். ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது என்றால் புது மெஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும் இழுவை போகும். அதை நீங்களே மாற்றலாம்.

தொழிலிடங்களுக்கு இரண்டு வார்த்தை. சேகோ (ஜவ்வரிசி), ஸ்டார்ச் ஆலைகளில் படிந்திருக்கும் மாவை வீட்டு மெஷினால் எடுக்கவே கூடாது. காற்றில் கலந்த மாவுத்தூள் தீப்பற்றி வெடிக்கக்கூடியது, கார்பன் பிரஷ் மோட்டாரிலோ பொறி பறந்துகொண்டே இருக்கும். அதற்கென்றே தயாரான தொழிற்சாலை மெஷின்கள் உண்டு. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குப் பை வைத்த மெஷினே சிறந்தது. கூட்டிய மண்ணைக்கூட வெள்ளிக்காகச் சேர்த்துவைக்கும் தொழிலில், இழுத்த தூள் சிந்தாமல் சிதறாமல் பைக்குள்ளேயே இருக்கும். இழுவை குறைந்து பையை மாற்றும்போது பழைய பையைக் குப்பையில் போடாமல், பட்டறை மண்ணோடு சேர்த்துக் கட்டி உருக்குகிறவரிடம் அப்படியே கொடுத்துவிடலாம்.