டென்டல் ரிசப்ஷனிஸ்ட் கோர்ஸ்: வேலைக்கு வந்த பிறகு பார்த்தால்

டென்டல் ரிசப்ஷனிஸ்ட் கோர்ஸுக்குக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்களாம், சேரலாமா அக்கா என்று குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் ஒரு பெண் கேட்டாள். அதே கோர்ஸை முடித்து, குன்னூரில் ஒரு பல் கிளினிக்கின் முன் மேஜையில் நான் உட்கார்ந்து நாளாகிவிட்டது. ஆன்லைன் பாடம், கோவையில் வார இறுதி வகுப்பு, கடைசியில் சர்டிபிகேட், இதெல்லாம் அவளுக்கே தெரியும். அதனால் நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

பல் நம்பர். கோர்ஸில் போட்டுக் காட்டியது அமெரிக்க வீடியோ. அங்கே பற்களை 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுவார்கள். அதை மனப்பாடம் செய்யவைத்து டெஸ்டும் வைத்தார்கள். இங்கே வேலைக்கு வந்ததும் டாக்டர் உள்ளே இருந்து, "த்ரீ சிக்ஸ், ரூட் கேனல், அடுத்த சிட்டிங் போடும்மா" என்கிறார். 32 பல்லில் 36-க்கு எங்கே போவது?

நம் ஊரில் வாயை நான்காகப் பிரிக்கிறார்கள். நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அப்புறம் நடுப்பல்லில் இருந்து உள்ளே 1 முதல் 8. ஆக 36 என்றால் இடது கீழ் முதல் கடவாய்ப்பல். எங்கள் நர்ஸ் அக்கா மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கூட்டல் குறி போட்டு, டீ ஆறுவதற்குள் சொல்லிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கினவர்களுக்கு அது முடியவில்லை! 18 இரண்டு கணக்கிலும் உண்டு என்பதுதான் பயமே. அமெரிக்கக் கணக்கில் அது இடது கீழ்க் கடவாய்ப்பல், நம் கணக்கில் வலது மேல் ஞானப்பல்.

இன்சூரன்ஸ் கோடு, அதாவது இன்சூரன்ஸுக்கு எழுதும் சிகிச்சைக் குறியீடு என்றும் ஒரு பெரிய பாடம். எங்கள் கவுண்டரில் ஜிபேயும் சில்லறைத் தகராறும்தான்.

சரி, நல்லதையும் சொல்லணும். போன் பாடம் பிரமாதம். வலி என்று யாராவது கூப்பிட்டால், முகம் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, வாய் திறக்க, எச்சில் விழுங்க முடிகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றாலோ அப்பாயின்ட்மென்ட் நோட்டை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல் பிடுங்க வருபவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுத வேண்டும். நிறுத்துங்கள் என்று நாமாகச் சொல்லவே கூடாது. இன்றும் தினமும் கைகொடுப்பது இதுதான். இந்த ஒரு பாடத்துக்கே காசு தகும்.

மலைக்கான பாடம் மட்டும் எதிலும் இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோவை லேபில் இருந்து பல்லுக்கு மேல் மாட்டும் கேப் வராது. அன்றைக்கு வர வேண்டியவர் கட்டபெட்டில் பஸ் ஏறுவதற்கு முன்பே போன் போட்டாக வேண்டும். தோட்டத்தில் இலை எடுக்கிறவர்களுக்கு ஒரு சிட்டிங் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஞாயிறு காலை நேரத்தை அவர்களுக்கென்று பிடித்துவைக்க நானாகத்தான் பழகினேன்.

சட்டப்படி டென்டல் ஹைஜீனிஸ்ட்டும் (பல் சுத்தம் செய்பவர்) டென்டல் மெக்கானிக்கும் (செயற்கைப் பல் செய்பவர்) பதிவு செய்ய வேண்டும். ரிசப்ஷனிஸ்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. என் சர்டிபிகேட்டை இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

காசு தகும் என்று இப்போதுதான் எழுதினேன். ஆனாலும் அவளிடம் சேராதே என்றுதான் சொன்னேன். எங்கள் டாக்டருக்கு மாலை வேளைக்கு இன்னொரு ஆள் வேண்டுமாம். திங்கட்கிழமை வந்து என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.