ஒரு பெட்டி, மூன்று வாகனம்: மொறிஸ் மைனரா, பட்டாவா, ஹைலக்ஸா?

ஒரு லெகோ கார்ப் பெட்டியின் துண்டுகளை மட்டும் வைத்து, வெளியிலிருந்து ஒன்றுகூடச் சேர்க்காமல், வேறொரு வாகனம் கட்ட வேண்டும். வன்னியில் இருந்து செய்பவருக்கு இது விளையாட்டின் விதி மட்டுமல்ல, நிலைமையும் அதுதான். குறைகிற ஒரு சரிவுக்கட்டையை வாங்கவென்று பஸ் ஏறிப் போக கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தனித்துண்டுக் கடையை எதிர்பார்க்க முடியாது.

இங்கே எடுத்துக்கொண்டது 250 துண்டு மட்டிலான, மூன்று விதமாகக் கட்டக்கூடிய விளையாட்டுக் கார்ப் பெட்டி. அகலம் 6 குமிழ் (குமிழ் என்பது கட்டையின் மேலே புடைத்து நிற்கும் மொட்டு). கட்டப் பார்ப்பவை ஏ9 வீதியில் நின்றால் கண்ணில் படுகிற மூன்று: பழைய மொறிஸ் மைனர், மூட்டை ஏற்றும் பட்டா (டாட்டா ஏஸ்), நான்கு கதவு ‘டபிள் கப்’ ஹைலக்ஸ் (ரொயோட்டா பிக்கப்). லான்ட்மாஸ்ரரைக் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பெட்டி வண்டியும் வேண்டும், கொளுக்கியும் வேண்டும். அது வேறு கணக்கு.

முதலில் அளவு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ, தட்டின் தடிப்பு 3.2 மி.மீ. ஆறு குமிழ் அகலம் என்றால் 48 மி.மீ. உண்மை வாகனத்தின் அகலத்தை 48 ஆல் பிரித்தால் வருவதுதான் சுருக்க விகிதம். மொறிஸ் மைனரின் அகலம் 1549 மி.மீ, ஆகவே ஏறத்தாழ 32இல் ஒன்று. அந்தக் கணக்கில் நீளம் 14½ குமிழ், சில்லிடைத் தூரம் (2184 மி.மீ) 8½ குமிழ். பட்டாவின் அகலம் 1500 மி.மீ, நீளம் 3800, சில்லிடைத் தூரம் 2100. அதுவும் 15 குமிழ் நீளம், 8½ குமிழுக்குச் சற்றுக் குறைந்த சில்லிடை. 2005இல் வந்த ஹைலக்ஸ் ரகத்தின் சில்லிடைத் தூரம் 3085 மி.மீ. அது சரியாக 10 குமிழில் விழும், நீளம் 17 குமிழ்.

மொறிஸும் பட்டாவும் ஒரே அடிச்சட்டத்தில் நிற்கக்கூடியவை என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு சாதி.

‘எனக்கு மொறிஸ்தான் வேண்டும்’ என்று தொடங்கினால் பாதி வழியில் துண்டு காணாமல் போகும். மாற்றீடு இல்லாத நான்கை முதலில் மேசையில் எடுத்து வையுங்கள்: ரயர், முன்கண்ணாடி, மட்காட் வளைவு, இடம் வலம் என்று சோடியாக வரும் சாய்வுத் துண்டுகள். எந்த வாகனம் என்பதை அவைதான் தீர்மானிக்கும். மற்ற எல்லாவற்றையும் இரண்டு சின்னதைச் சேர்த்து ஒரு பெரியதாக்கிச் சமாளிக்கலாம்.

ரயரை அடிமட்டத்தால் அளவுங்கள். பட்டாவுக்கு 12 அங்குல றிம். நம் அளவில் ரயரின் விட்டம் 17 மி.மீ மட்டில் இருக்க வேண்டும். ஹைலக்ஸுக்கு 20 மி.மீ. பெட்டியில் இருப்பது 21 மி.மீ ரயர் என்றால் ஹைலக்ஸ் கம்பீரமாக நிற்கும். பட்டாவோ உழவு இயந்திரத்தின் சில்லைக் கடன் வாங்கியது போலிருக்கும். மொறிஸ் இரண்டுக்கும் இடையில். பின்சில்லின் மேற்பாதியை மட்காட் கொஞ்சம் மூடுவதால் அங்கே பெரிய ரயரை ஒளிக்க இடமுண்டு.

பட்டாவைப் பலரும் இலேசு என்று நினைக்கிறார்கள், பெட்டி வடிவம்தானே என்று. கஷ்டம் முகத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. மொறிஸும் ஹைலக்ஸும் நிலத்திலிருந்து 47 மி.மீ அளவில் முடிந்துவிடும். பட்டா 59 மி.மீ வரை போகும், கிட்டத்தட்ட ஒரு கட்டையும் ஒரு தட்டும் கூட. விளையாட்டுக் கார்ப் பெட்டியில் பதிவான துண்டுகள்தான் நிறைய. சுவர் எழுப்பும் கட்டைகள் குறைவு. அடுத்தது பின்தட்டு: 9 குமிழ் நீளம், 6 அகலம், ஆக 54 குமிழ்ப் பரப்பு. அடிச்சட்டத்துக்கும் அதே பெரிய தட்டுகள்தான் வேண்டும். ஒரு வழி, தரையைத் தனியாகப் போடாமல் அடிச்சட்டத்தின் மேற்பரப்பையே தரையாக விடுவது. குமிழ் தெரியும்தான், நெல்மூட்டைக்குப் பதிலாக மண்ணிறக் கட்டை நாலைந்து ஏற்றினால் அதுவும் மறையும்.

பக்கப் பலகைக்கு ஒரு கட்டை உயரம் போதும். கட்டை இல்லையென்றால் 1×6, 1×4 தட்டுகளை மூன்று அடுக்கு. இங்கேதான் பலர் பிழை விடுவார்கள்: குமிழ் வரிசைகளுக்கு நடுவில் 3.2 மி.மீ இடைவெளி இருப்பதால் (8 இலிருந்து குமிழின் விட்டம் 4.8ஐக் கழித்தால் அதுதான்) தட்டை நட்டுக்கு நிறுத்திச் செருகலாம் என்று தோன்றும். செருகும். ஆனால் இடம் மட்டுமட்டு. நாள்பட இறுகி, தட்டு வெளிறும், மெல்லிய துண்டு வெடிக்கும். சந்தையில் கிடைக்கும் சீனத் தயாரிப்புப் பெட்டி என்றால் இன்னும் கெதியாக.

முன்கண்ணாடியும் பட்டாவுக்கு எதிரி. கார்ப் பெட்டியில் வருவது நன்றாகச் சாய்ந்த கண்ணாடி. பட்டாவின் முகம் ஏறத்தாழ நிமிர்ந்தது. சாய்ந்ததை வைத்தால் வான் ஆகிவிடும். கண்ணாடியை விட்டுவிட்டு, இரண்டு ஓரத்திலும் 1×1 துண்டுகளால் தூண் எழுப்பி வெறும் இடைவெளியாக விடுவதே வடிவு.

மொறிஸ் மைனர் நேர்மாறு. துண்டு எண்ணிக்கை குறைவாகவே போகும், ஆனால் வளைவுச் சரிவுகள் குறைந்தது எட்டு வேண்டும்: நான்கு மட்காட்டுக்கு, இரண்டு கூரையின் பின்பக்கத்துக்கு, இரண்டு பின்பெட்டிக்கு. கூர்மூக்குக் கார்ப் பெட்டியில் ஆப்புத் துண்டுகள்தான் கிடக்கும், அவை மொறிஸின் உருண்டைக் கன்னத்துக்கு உதவாது. 1956க்கு முந்திய ரகத்துக்கு இரட்டைக் கண்ணாடி. பெட்டியில் வளைந்த கண்ணாடி இல்லாவிட்டாலும், நடுவில் ஒரு தூண் வைத்து இரண்டு இடைவெளி விட்டாலே ஆள் அடையாளம் கண்டுகொள்வார்.

மொறிஸின் அழகு பொனற்றில் இருக்கிறது. 1948இல் விற்பனைக்கு வருமுன் மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால், அலெக் இசிகோனிஸ் அதை நெடுக அறுத்து 4 அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் பட்டி அந்தத் தழும்புதான். 32இல் ஒன்றாகச் சுருக்கினால் 4 அங்குலம் 3.2 மி.மீ வரும், அச்சொட்டாக ஒரு தட்டின் தடிப்பு! பக்கக்குமிழ்க் கட்டைகளை முன்சுவரில் வைத்து, ஐந்து தட்டுகளைப் பக்கவாட்டில் அடுக்குங்கள். ஐந்து தட்டு 16 மி.மீ, அதாவது சரியாக 2 குமிழ் அகலம். இரண்டு, நடுவில் ஒன்று, இரண்டு. நடுத்தட்டு வேறு நிறத்தில் இருந்தால் பட்டி தானாக விழும். மண்ணெண்ணெயில் ஓடிய காலத்து மொறிஸைக் கண்டவர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஹைலக்ஸுக்குத்தான் இந்தப் பெட்டி உள்ளபடியே பொருந்துகிறது. சாய்ந்த கண்ணாடி, பெரிய ரயர், நான்கு மட்காட் வளைவு எல்லாம் இருந்த இடத்திலேயே வேலை செய்யும். பின்பெட்டி 5 குமிழ் நீளம்தான், சுவருக்குள் 20 குமிழ்ப் பரப்பு. கவனிக்க வேண்டியது தொய்வு. 17 குமிழ் நீளத்துக்கு ஒரே தட்டு இராது. இரண்டு தட்டின் பொருத்து கதவுக்குக் கீழே வந்தால், கையில் தூக்கும்போது நடு வளையும். இரண்டு அடுக்காகப் போட்டு, மேல் அடுக்கின் பொருத்தையும் கீழ் அடுக்கின் பொருத்தையும் குறைந்தது 4 குமிழ் விலத்தி வையுங்கள். இந்த அடுக்குகளுக்குள்தான் நிறம் ஒத்துவராத துண்டுகளைப் புதைக்க வேண்டும்.

லெகோத் துண்டுகளுக்கான இணையச் சந்தையான பிரிக்லிங்கின் ஸ்ரூடியோ மென்பொருளில் பெட்டி இலக்கத்தைக் கொடுத்தால் அதிலுள்ள துண்டுகள் எண்ணிக்கையோடு வந்துவிடும். எது முடிந்தது என்று உடனே தெரியும். ஆனால் தொய்வையும் பிடிமானத்தையும் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, இந்த ரகப் பெட்டிக்கு எங்கள் வரிசை ஹைலக்ஸ், பட்டா, மொறிஸ். 960 துண்டுகள் கொண்ட 10271 இலக்க ஃபியற் 500 பெட்டி கையில் இருந்தால் வரிசை தலைகீழ்: அது முழுக்க உருண்டை உடம்பு, மொறிஸ் முதலாவதாக வந்துவிடும். சின்னப் பெட்டியோடு பட்டா, மொறிஸ் இரண்டையும் பார்க்க ஆசை என்றால் பட்டாவை முதலில் கட்டுங்கள். பிறகு அச்சுகளைத் தொடாமல் மேல்கூட்டை மட்டும் கழற்றினால், அதே எட்டரைக் குமிழ் அடிச்சட்டத்தில் மொறிஸின் பொனற்றை அடுக்கத் தொடங்கலாம்.