கன்சோலைப் படிக்கும் ஏஜெண்ட்: திருப்பூரிலிருந்து ஏழு மாத அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் எந்த ஸ்டைலில் எத்தனை பீஸ் முடித்தார்கள் என்று பதிந்து, சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு என்ன வர வேண்டும் என்று காட்டும். கூகுளின் க்ரோம் குழு 2025 செப்டம்பரில் க்ரோம் டெவ்டூல்ஸ் எம்சிபியை வெளியிட்ட கையோடு அதைப் போட்டுவிட்டேன். கோடு எழுதித் தரும் ஏஐ ஏஜெண்ட், க்ரோம் பிரவுசரைத் தானே இயக்கி உள்ளே நடப்பதைப் படிக்க வழிசெய்யும் கருவி அது. ஏழு மாதமாக அது இல்லாமல் ஒரு நாளும் ஓடவில்லை.

அதற்கு முன்னால், ஏஜெண்ட் கோடு எழுதும், நான் பிரவுசரில் திறந்து பார்ப்பேன், கன்சோலில் (பிரவுசர் எரர்களையும் குறிப்புகளையும் எழுதும் இடம்) சிவப்பாக வந்ததைக் காப்பி செய்து ஏஜெண்டிடம் ஒட்டுவேன். அவசரத்தில் கடைசி வரியை மட்டும்தான் எடுப்பேன். ஆனால் மூல காரணம் பெரும்பாலும் முதல் எரரில்தான் இருக்கும், மற்றதெல்லாம் அதன் பின்னால் சரிந்து விழுந்தவை. இப்போது ஏஜெண்டே பக்கத்தைத் திறந்து, பட்டனை அழுத்தி, கன்சோலில் வந்ததை வந்த வரிசையிலேயே படிக்கிறது. எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்பதும் கூடவே கிடைக்கிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே ஏஜெண்டின் ஊகம் பாதியாகக் குறைந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தைப் போன தீபாவளி போனஸ் நேரத்தில்தான் கற்றேன்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்குள் போனஸ் கொடுத்தாக வேண்டும். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதை வருடச் சம்பளத்தின் மேல் போட வேண்டும். ஒரு பனியன் யூனிட்டில் எங்கள் மென்பொருளுக்கு முந்தைய கணக்கெல்லாம் எக்செலில் இருந்தது. ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சிஎஸ்வியாக, அதாவது கமா போட்டுப் பிரித்த எழுத்து ஃபைலாக, ஏற்றினோம். போனஸ் பக்கம் வெள்ளையாக நின்றது. ரியாக்ட் என்ற கோடு நூலகத்தில் பக்கத்தை வரையும்போது பிடிபடாத எரர் வந்தால் மொத்தப் பக்கமும் காலியாகிவிடும். ஏஜெண்ட் கன்சோலைப் படித்தது: 'ரேஞ்ச்எரர், இன்வேலிட் டைம் வேல்யூ', அதாவது செல்லாத தேதி. தேதி சரியில்லாத வரிகளைத் தாண்டிப் போகும்படி திருத்தியது, மறுபடி திறந்தது. கன்சோல் சுத்தம். பத்து நிமிடத்தில் முடிந்தது என்று எனக்கும் சந்தோஷம்.

மறுநாள் சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார். "ஏந் தம்பி, எந்த மாசத்தை எடுத்தாலும் எனக்கு ஒம்பது பத்து நாள்தான் வேலைன்னு காட்டுதே, அவ்வளவுதான் வந்தேனாக்கும்? அப்புறம் இன்னும் வராத டிசம்பர்லயும் பீஸ் தச்சிருக்கேன்னு வருதுங் தம்பி."

எக்செலில் தேதி நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று இருந்தது. பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் அதை அப்படியே கொடுத்தால் க்ரோம் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். 13/08/2025 என்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது, செல்லாத தேதியாகிவிடும், அதைத் திரையில் காட்டப் போகும்போது எரர் வரும். 12/08/2025 என்றால் சத்தமே இல்லாமல் டிசம்பர் 8 ஆகிவிடும். பதின்மூன்றாம் தேதியிலிருந்து எல்லா நாளையும் ஏஜெண்ட் தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய நாட்கள் மாதம் மாறி உட்கார்ந்திருந்தன. பாதிக்கும் மேல் சம்பளம் கணக்கில் இல்லை, கன்சோலில் ஒரு வரிகூட இல்லை.

அக்காவிடம் ஒரு சின்ன டைரி உண்டு. நாள்தோறும் எத்தனை பீஸ் என்று பென்சிலில் எழுதி வைப்பார். அந்த டைரி இல்லாவிட்டால் அன்று அத்தனை பேருக்கும் குறைந்த போனஸ் போயிருக்கும். அதை இன்று நினைத்தாலும் மனசு பதறுகிறது.

கன்சோல் சுத்தமாக இருந்தாலே ஏஜெண்ட் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே தப்பு நடந்தால் கன்சோல் வாய் திறக்கும்படி கோடை எழுதுவது நம் வேலை. இப்போது பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் 'கன்சோல்.அசர்ட்' (சொன்ன நிபந்தனை பொய்யானால் கன்சோலில் எழுதும் கட்டளை) வைக்கிறேன்: ஏற்றிய வரிகளும் சேமித்த வரிகளும் ஒரே எண்ணிக்கையா, மொத்த பீஸ் இரண்டு பக்கமும் ஒன்றா, எந்தத் தேதியாவது இன்றைக்கு அப்பால் இருக்கிறதா. அசர்ட் பக்கத்தை நிறுத்தாது, எரராக ஒரு வரி மட்டும் எழுதும். ஏஜெண்டுக்கு அது போதும். இதைச் செய்யாமல் இந்தக் கருவியை நம்பாதீர்கள் என்றே சொல்வேன்.

சில்லறை விஷயங்கள். லூப்புக்குள் லாக் (கன்சோலில் குறிப்பு எழுதும் வரி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நானூறு பண்டிலுக்கு (துணிக் கட்டு) நானூறு வரி போனால் ஏஐ படிக்கும் அளவைக் கணக்கிடும் டோக்கன் கரையும், முக்கியமான எரரும் அதில் மூழ்கிவிடும். எரர், வார்னிங், அசர்ட் மட்டும் படி என்று ஏஜெண்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆப்ஜெக்ட்டை (பல மதிப்புகள் சேர்ந்த தொகுப்பு) அப்படியே லாக் செய்யாமல் ஜேசான் எழுத்தாக மாற்றிப் போட்டால் அந்த நொடியில் இருந்த மதிப்பே தெரியும்.

இன்னொன்று சில்லறை இல்லை. கன்சோலில் வருவதெல்லாம் ஏஜெண்ட் வழியாக ஏஐ மாடல் ஓடும் சர்வருக்குப் போகிறது. பழைய லாக் ஒன்றில் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண் வந்துகொண்டிருந்ததைப் பார்த்து அன்றே நீக்கினேன். இப்போது சோதனைக்கு மாற்றுப் பெயர்களும் பொய் எண்களும்தான். என் லாகின்கள் எல்லாம் இருக்கும் சொந்த க்ரோம் ப்ரொஃபைலையும் தருவதில்லை. க்ரோம் 136 முதல் வழக்கமான ப்ரொஃபைலை 9222 மாதிரி, வெளிக் கருவிகள் பிரவுசரை இயக்க உள்ளே வரும் டீபக் போர்ட்டில் திறக்கவே விடுவதில்லை, அது நல்லதுதான். ஒவ்வொரு முறையும் புதுசாகத் திறந்து மூடும் ஐசொலேட்டட் முறையில் ஓட்டுகிறேன்.

அக்காவின் டைரியில் மூன்று பக்கத்தை அவர் அனுமதியோடு எழுதி எடுத்துவந்தேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். சிஎஸ்வி ஏற்றும் பகுதியில் கை வைத்தால் ஏஜெண்ட் முதலில் அந்த மூன்று பக்கத்தை ஏற்றி, மொத்த பீஸ் டைரியோடு ஒத்துப் போகிறதா என்று கன்சோலில் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போகிறது.